‘அப்படியே பொருந்தும்’ என்று எழுதியிருந்தது

அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த அந்த இரண்டு சொற்களை நான் முழுமையாக நம்பியதற்கு, முந்தைய வாரம் கிடைத்த வெற்றியே காரணம். என்னிடமுள்ள 1911 வகைக் கைத்துப்பாக்கியின் கைப்பிடித் தகடுகளை நானே மாற்றியிருந்தேன். பக்கத்துக்கு இரண்டாக நான்கு திருகுகள், கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. சுடும்போது எழும் பின்னுதைப்பைத் தாங்கும் ரீகாயில் ஸ்பிரிங்கையும் மாற்றினேன். அதன் முனையிலுள்ள மூடி விரலிலிருந்து நழுவி, மேல்தளத்தில் முட்டித் திரும்பியதைத் தவிர அதிலும் குறையில்லை. இரண்டு பாகங்களை மாற்றியவன் அரைக் கம்மியன் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டு, அடுத்ததாக, துப்பாக்கி தவறுதலாகச் சுட்டுவிடாமல் தடுக்கும், பெருவிரலால் இயக்கும் சேஃப்டியை வாங்கினேன்.

துப்பாக்கியின் தோட்டா அறை காலியாக இருப்பதை இருமுறை பார்த்துவிட்டுப் பழைய சேஃப்டியை இழுத்தேன். அது கையோடு வந்தது; அதை நிலையில் நிறுத்தும் சின்னஞ்சிறு ஊசி மட்டும், பின்னாலிருந்த ஸ்பிரிங்கின் உந்துதலில் எங்கோ பறந்தது. அரை மணி நேரம் தரையில் தவழ்ந்த பிறகு அது என் சட்டைப் பையில் இருந்தது.

புதிய சேஃப்டியோ மேலே ஏற மறுத்தது. அதன் உட்புறத்திலுள்ள ஒரு சிறு முனைப்பு, தோட்டாவை வெடிக்கவைக்கும் அடியைக் கொடுக்கிற உறுப்பான சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியருக்குப் பின்னால் அண்டைகொடுத்து, டிரிக்கரை அழுத்தினாலும் சியர் அசையாதபடி தடுக்க வேண்டும். துளைகளின் இடமும் சியரின் அளவும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மயிரிழை மாறுபடும் என்பதால், அந்த முனைப்பைச் சற்றுப் பெரிதாகவே செய்து அனுப்புகிறார்கள். எஞ்சியதை அரம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜான் பிரௌனிங்கின் இந்த வடிவமைப்பை அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது 1911இல். அதற்குப் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் தத்தம் அளவில் அதைச் செய்துவரும்போது, ‘அப்படியே பொருந்தும்’ என்பது உறுதிமொழியன்று, வாழ்த்து.

முனைப்பில் மார்க்கர் மை பூசி, சேஃப்டியை உள்ளே செருகித் தூக்கிப் பார்த்து, மை எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே மட்டும் ஓர் இழுப்பு அராவி, மறுபடியும் மை பூச வேண்டும் என்பது முறை. முதல் முப்பது சுற்றுகள் வரை நான் தவசிபோல் இருந்தேன். அதற்குப் பிறகு, இந்த வேகத்தில் போனால் விடிந்துவிடும் என்று தோன்றவே, சேர்ந்தாற்போல் ஐந்து இழுப்புகள் இழுத்தேன். சேஃப்டி ‘டிக்’ என்று அழகாக ஏறி அமர்ந்தது. கொஞ்சம் அதிகமாகவே அழகாக.

சோதிக்கும் வழி எனக்குத் தெரிந்ததுதான். வெற்றுத் துப்பாக்கியில் சுத்தியலை ஏற்றிச் சேஃப்டியைப் போட்டு, டிரிக்கரை அழுத்தி விட்டுவிட்டுச் சேஃப்டியை இறக்க வேண்டும். பிறகு கைத்துப்பாக்கியைக் காதருகே வைத்து, சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒலி கேட்டால், சேஃப்டி போட்டிருந்தும் சியர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள்.

“என்னங்க, என்ன சொல்லுது?”

மிகத் தெளிவாக, ‘க்ளிக்’ என்றுதான் சொன்னது. அராவிய இரும்பை அரத்தால் திரும்பச் சேர்க்க முடியாது என்பதால், இன்னொரு சேஃப்டியை வாங்கிக்கொண்டு துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போனேன். அவர் முதலாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கடைசி இழுப்புகள் ராத்திரியில் போட்டதா?” என்று மட்டும் கேட்டார். ‘அப்படியே பொருந்தும்’ என்ற பெட்டியை அவர் படிக்கவேயில்லை. நேராக மார்க்கரை எடுத்தார். இருபது நிமிடங்களில் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, என்னிடமும் நீட்டினார். இம்முறை அது வாயே திறக்கவில்லை.