ஏழாவது கொடை

யூலை 28
கிளினிக்கிலை அம்மாவை இரண்டு கிழமை கழிச்சு வரச்சொன்னவை. என்ன சோதனை எண்டு அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை.

யூலை 30
வெக்கை. குளம் அடி தெரியுது. வேண்டாம் எண்டு சொல்லியும் கேளாமல் அம்மா புட்டு அவிக்க எழும்பினா. மாவுக்கு மேலை சிலுவை போட்டுத்தான் கை வைச்சா. யுத்த நேரம் பங்கர் வெட்டின ஒவ்வொரு இடத்திலையும் மண்ணிலை விரலாலை அப்பிடித்தான் போட்டவ. நான் மண்வெட்டியோடை நிண்டு "கெதியா அம்மா" எண்டு கத்தினனான். எனக்கு அப்ப கடவுளுக்குப் பயமில்லை. குண்டு போடுற கிபிர் விமானத்துக்குத்தான் பயம்.

யூலை 31
நித்திரை இல்லை. திரும்பவும் அந்தத் தறப்பாள்.

ஓகஸ்ட் 2
உறுதிபூசுதலுக்குப் படிச்ச, ஆவியானவரின்ரை ஏழு கொடையும் இப்பவும் பாடம்: ஞானம், புத்தி, விமரிசை, அறிவு, திடம், பக்தி, தெய்வபயம். பயத்தை ஏன் ஆவியானவரின்ரை கொடை எண்டு சொன்னவை? யுத்தத்திலை அடம்பனிலையிருந்து மாத்தளன் வரைக்கும் இடம்பெயர்ந்து ஓடேக்கை எங்களிட்டைக் குறையாமல் இருந்தது அது ஒண்டுதான். அரிசி முடிஞ்சது, அது முடியேல்லை.

பழைய இறையியலாளர் அக்குவினா தோமையார் அடிமையின்ரை பயத்தையும் பிள்ளையின்ரை பயத்தையும் வேறாக்கிச் சொன்னவர். அடிமை அடிக்குப் பயப்பிடுறான். பிள்ளை, தகப்பனை நோகப்பண்ணிப் பிரிஞ்சுபோடுவனோ எண்டு பயப்பிடுது. என்னட்டை இருக்கிறது முதலாவது. அம்மாவின்ரை கட்டியை நினைச்ச உடனை, கடவுள் 2009இன்ரை கணக்குத் தீர்க்கிறார் எண்டு மனம் சொல்லுது. பிறவிக்குருடனைக் காட்டி "ஆர் செய்த பாவம்?" எண்டு சீடர் கேக்க, இவனும் இல்லை, பெற்றாரும் இல்லை எண்டு இயேசு சொன்னது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போகேல்லை.

ஓகஸ்ட் 6
மடு மாதா கோயிலிலை இண்டைக்குக் கொடியேற்றம். அம்மா போகவேணுமாம். "2008 சித்திரையிலை மாதாவே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தவ பிள்ளை. அவவுக்கு எங்களைத் தெரியும்." இந்த உடம்போடை எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது?

ஓகஸ்ட் 7
அம்மா கேட்டதாலை மாற்கு 5 வாசிச்சன். 12 வருசம் இரத்தப்போக்கு, உள்ளதெல்லாம் வைத்தியருக்குக் குடுத்த மனிசி. இயேசுவின்ரை உடுப்பைத் தொடுறா, சுகம் வருது. அதுக்குப் பிறகுதான் பயந்து நடுங்கி வந்து விழுந்து, முழு உண்மையையும் சொல்லுறா. இவ்வளவு காலமும் நான் மாறி விளங்கியிருக்கிறன், சுகம் கிடைக்க முந்தித்தான் நடுங்கினவ எண்டு. இல்லை. தனக்குக் கிடைச்சது என்னெண்டு அறிஞ்சுதான் நடுங்கினவ. அவர் "மகளே" எண்டுறார்.

அம்மா நித்திரையாய்ப் போன பிறகு திருப்பாடல் 130ஐ எடுத்தன். உம்மிடம் மன்னிப்பு இருக்கு, அதனாலை உமக்கு அஞ்சுவினம் எண்ட மாதிரித்தான் அதிலையும் இருக்கு. நான் எழுதியிருந்தால் தண்டனை எண்டுதான் எழுதியிருப்பன். மூண்டு தரம் வாசிச்சன். லாம்பை நூக்க மனம் வரேல்லை.

ஓகஸ்ட் 8
கஞ்சி இரண்டு கரண்டி. அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 9
சொல்லிப்போட்டன். "அந்தத் தறப்பாள் சும்மா கிடந்ததில்லை அம்மா. உள்ளுக்கை ஒரு கிழவி படுத்திருந்தவ. கண்ணைத் திறந்து என்னைப் பாத்தவ. அவிழ்த்துக்கொண்டு வந்தனான்."

அம்மா கனநேரம் பேசேல்லை. அந்தத் தறப்பாளுக்குக் கீழைதான் அவவும் படுத்தவ. பிறகு, "பேர் தெரியுமோ?" எண்டா. தெரியாது. "பேரில்லாமலும் பூசை ஒப்புக்குடுக்கலாம். சுவாமியாரைக் கேள்." எழும்பி வந்து என்ரை தலையைத் தடவினா.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பன். கிணத்தடிக்குப் போய் வாளியைப் பிடிச்சால் கை நிக்கேல்லை.

ஓகஸ்ட் 11
ஆறரை பஸ். கிளினிக் கொப்பி, தண்ணிப் போத்தில், அம்மாவின்ரை செபமாலை