எத்தனை மணி நேரம் கழித்து?

மதுவுடன் தூக்க மாத்திரையைச் சேர்த்து உட்கொள்ளக் கூடாது என்பது, அம்பாசமுத்திரத்தில் நான் மருந்தாளுநராகப் பணிபுரியும் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். ஆனால் நடுவில் சற்று இடைவெளி விட்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். “ஏழு மணிக்குக் குடிச்சா பத்து மணிக்கு மாத்திர போடலாம்லா, அண்ணாச்சி?” என்று கேட்பவரிடம் எந்த நேரத்தையும் குறித்துச் சொல்ல நான் விரும்புவதில்லை. உட்கொண்ட டயஸிபாம் என்னும் தூக்க மாத்திரையின் அளவு உடலில் பாதியாகக் குறையவே 20 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். அது சிதைந்து உருவாகும் பொருளும் மயக்கம் தரக்கூடியது, அதைவிட நீண்ட நேரம் தங்குவது. ஆகவே நேற்றிரவு போட்ட மாத்திரையின் மேல்தான் இன்றைய மது இறங்குகிறது.

மூளையின் செயல்பாட்டைத் தணிக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் வேலையை இரண்டுமே கூட்டுவதால், தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகள்கூட ஒன்றுசேரும்போது மூச்சை மந்தப்படுத்திவிடும். வாந்தி வந்தால் புரையேறாமல் காக்கும் இருமலும் எழாது.

அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகள், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 அட்டவணையில் இருப்பதால், மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயரையும் கொடுத்த அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடே வாங்குபவரைச் சற்று எச்சரித்துவிடுகிறது. எனக்குக் கவலை தருபவை, தூக்க மாத்திரை என்ற பெயரே இல்லாமல் மயக்கம் தரும் மருந்துகள்: சளிக்கான குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கான பிரிகாபலின், முதுகு வலிக்கு எழுதப்படும் டிரமடால். கோயில் கொடை நாட்களில் ஊருக்கு வந்து, கூட்டாளிகளுடன் குடிக்கும் ஒருவர், காலையில் சளிக்கு விழுங்கிய மாத்திரையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கேட்பதும் எளிதன்று. பலர் நிற்கும் இடத்தில் “குடிப்பீர்களா?” என்றால் எவரும் இல்லை என்றே சொல்வார், கணவருக்கு மருந்து வாங்க வந்த பெண்ணிடம் அதைக் கேட்பது இன்னும் சங்கடம். எனவே அட்டையைக் கொடுக்கும்போது, எல்லோரிடமும் சொல்வதைப் போல, இந்த மாத்திரை எடுக்கும் நாட்களில் மது ஆகாது என்றும், குடித்துவிட்டால் அடுத்த வேளையைப் போடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்றும் தணிந்த குரலில் சொல்லிவிடுகிறேன். சிலர் அப்போதுதான் ஓரமாக வந்து உண்மையைச் சொல்கிறார்கள்.

குடியை நிறுத்துவதற்கென்றே குளோர்டயாசிபாக்சைடு எழுதப்பட்ட வீடுகளில் பேச்சு நீளும். நடுவில் அவர் மீண்டும் குடிக்கத் தொடங்கினால் வீட்டார் மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கவும் கூடாது. பல மாதம் எடுத்து வந்ததாயின் தாமாகச் சட்டென நிறுத்தவும் கூடாது, அதனால் வலிப்பு வரக்கூடும். அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். குறட்டை கேட்கிறதே, நன்றாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடாமல் தட்டி எழுப்பிப் பார்க்க வேண்டும். எழாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றாமல், 108-ஐ அழைத்து, மாத்திரை அட்டையையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.