எல்.டி.பி.இ. பிளாண்டில் கேஸோடு போகும் பாலிமர்

எல்.டி.பி.இ. (குறை அடர்த்தி பாலிஎத்திலீன்) பிளாண்டில், வினையாகாத எத்திலீன் கேஸைத் திருப்பி அனுப்பும் ரீசைக்கிள் லைனில் பாலிமர் சேர்கிறது என்று தெரிந்ததும் கன்ட்ரோல் ரூமில் முதலில் எழும் பேச்சு, "செப்பரேட்டர் லெவலைக் குறை" என்பதுதான்; அதாவது கேஸையும் பாலிமரையும் பிரிக்கும் கலத்தில் உருகிய பாலிமரின் மட்டத்தைக் குறைப்பது. சில சமயம் அது பலிக்கும். பல சமயம் ஒரு மாற்றமும் இருக்காது. கேரி ஓவர் என்று ஒரே பெயரில் நாம் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்பதே காரணம். உருகிய பாலிமர் துளித்துளியாக எத்திலீன் கேஸில் அடித்துச் செல்லப்படுவது ஒன்று. மூலக்கூறு எடை குறைந்த பகுதி, அதாவது வேக்ஸ், அந்த அழுத்தத்தில் கேஸிலேயே கரைந்து போவது இன்னொன்று. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைக் கூட்டிவிடவும் கூடும்.

எந்தக் கோளாறு என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். உயர் அழுத்த செப்பரேட்டருக்கு அடுத்துள்ள முதல் நாக் அவுட் டிரம்மிலும் (கேஸோடு வந்ததைப் பிடித்து வடிக்கும் கலம்), கூலர்களைத் தாண்டிய கடைசி டிரம்மிலும் வடித்ததைத் தனித்தனியாக ஆறவைத்துப் பாருங்கள். இழுத்தால் அறாமல் நீள்வதும், வெள்ளையாக உறைவதும், நகம் இறங்காத அளவு கெட்டியாக இருப்பதும் தயாரிப்புப் பாலிமரேதான், துளியாக வந்தது. நகத்தில் வழித்தால் பசையாக வருவது, விரலில் பிசுபிசுப்பது வேக்ஸ். கரைந்து வந்து, கேஸ் குளிர்ந்தபோது பிரிந்தது. சந்தேகம் இருந்தால் லேபில் உருகுநிலை பார்க்கலாம். எல்.டி.பி.இ. 105 முதல் 115 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். வேக்ஸ் அதற்கு வெகு கீழேயே இளக ஆரம்பிக்கும். படியும் இடமும் காட்டிக்கொடுக்கும். துளி, செப்பரேட்டரின் கேஸ் வாயிலிலும் முதல் வளைவிலுமே ஒட்டிக்கொள்ளும். வேக்ஸ் பின்னால் உள்ள குளிர்ந்த கூலர்களில் இறங்கும்.

அளவு எப்படி இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரியாக்டரில் மணிக்கு 100 டன் எத்திலீன் ஓடுகிறது, 30 சதவீதம் பாலிமர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ரியாக்டர் அழுத்தத்தைக் குறைக்கும் லெட் டவுன் வால்வு தாண்டி 250 பாருக்கு இறங்கியதும், மீந்த 70 டன்னில் சுமார் 7 டன் மெல்ட்டுக்குள், அதாவது உருகிய பாலிமருக்குள், கரைந்து கீழே போக, 60 டன்னுக்கும் மேல் மேல்வழியாகத் திரும்புகிறது. அதில் 0.1 சதவீதம் பாலிமர் இருந்தாலே மணிக்கு 60 கிலோ, நாளுக்கு 1,440 கிலோ. அத்தனையும் கூலர் டியூபிலும் டிரம்மிலும், கேஸை ரியாக்டர் அழுத்தத்துக்கு ஏற்றும் ஹைப்பர் கம்ப்ரஸரின் சக்‌ஷன் வால்வுகளிலும்தான் போய்ச் சேரும்.

முதலில் துளிக்கு வருவோம். ஒரு துளி மேலே போகுமா கீழே விழுமா என்பதை கேஸின் வேகம், இரண்டுக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம், துளியின் விட்டம் ஆகிய மூன்றும் முடிவு செய்கின்றன. 250 பார், 250 டிகிரியில் எத்திலீனின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 160 கிலோ அளவில் இருக்கும். கேஸ் கரைந்த மெல்ட் 700 கிலோ அளவில். சாதாரண கேஸ்–எண்ணெய் செப்பரேட்டரில் கிடைக்கும் தாராளமான வித்தியாசம் இங்கே கிடையாது. சிறு துளிகளின் விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துளி பாதியானால் வேகம் கால்வாசி. ஆகவே துளியைச் சிறிதாக உடைக்கும் எதுவும் நமக்கு எதிரி.

உடைக்கும் இடங்களில் முக்கியமானது இன்லெட் குழாய். கலவை கீழ்நோக்கி இறங்க வேண்டும். குழாயின் முனை மெல்ட் மட்டத்துக்கு மேலே, கேஸ் வாயிலுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். லெவல் ஏறி முனை மூழ்கினால் கேஸ் மெல்ட்டுக்குள் குமிழி விட்டு வெளிவரும்; ஒவ்வொரு குமிழியும் உடையும்போது துளிகள் தெறிக்கும். கேரி ஓவர் படிப்படியாக ஏறாமல் ஒரே நாளில் எகிறினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மற்ற செப்பரேட்டர்களில் உள்ளதுபோல துளிகளைப் பிடிக்கும் கம்பி வலையான வயர் மெஷ் டிமிஸ்டர் போடலாமே என்று புதிதாக வருபவர்கள் கேட்பது இயல்பு. போடக் கூடாது. மெல்ட்டின் பாகுத்தன்மைக்கு அது வடிந்து இறங்கவே இறங்காது. ஒட்டியது அந்தச் சூட்டில் நாட்கணக்கில் கிடந்து குறுக்கிணைப்பு ஆகி, பழுப்பேறி, பிறகு துண்டாக விழுந்து ஃபிலிமில் ஜெல்லாகவும் கரும்புள்ளியாகவும் தெரியும். உள்ளே எவ்வளவு குறைவான பரப்பு இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

லெவல் மீட்டரை மட்டும் நம்புவது ஆபத்து. இது பெரும்பாலும் சீசியம்-137 அல்லது கோபால்ட்-60 வைத்த காமா கதிர் மீட்டர். அது அளப்பது மட்டத்தை அல்ல, நடுவில் எவ்வளவு நிறை இருக்கிறது என்பதை. மெல்ட் நுரைத்திருந்தால் நிறை குறைவு. திரையில் 40 சதவீதம் என்று காட்டும்போது நுரையின் தலை வெகு மேலே நிற்கும். சுவரில் பாலிமர் படிந்திருந்தால் மாறாக, இல்லாத லெவலைக் காட்டும். பக்கத்தில் வெல்டிங் ஜாயிண்டுக்கு ரேடியோகிராஃபி எடுக்கும் இரவில் இன்னொன்று நடக்கும். வெளியிலிருந்து வரும் கதிர் டிடெக்டரில் விழ, மீட்டர் லெவல் குறைந்ததாக நினைக்கும். கன்ட்ரோலர் ப்ராடக்ட் வால்வை மூடும். உண்மையான லெவல் ஏறிக்கொண்டே போகும். ரேடியோகிராஃபி பர்மிட்டில் கையெழுத்திடும் முன் லெவல் கன்ட்ரோலை மேனுவலுக்கு மாற்றுவது கட்டாயமாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வால்வு திறப்பையும் மெல்ட்டை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் உற்பத்தியையும் வைத்தே ஓட்ட வேண்டும்.

லெவலை ஒரேயடியாகக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. கேஸ் கீழே போகாமல் அடைத்து நிற்கும் மெல்ட் (மெல்ட் சீல்) போய்விட்டால் 250 பார் கேஸ் நேராகக் குறை அழுத்த செப்பரேட்டருக்குள் பாயும். அதுவோ 1 பாருக்கும் கீழான கேஜ் அழுத்தத்தில் ஓடுவது.

அங்கே கதை வேறு. மெல்ட்டில் கரைந்து வந்த 7 டன் எத்திலீன்தான் வெளியேறுகிறது. ஆனால் அடர்த்தி கன மீட்டருக்கு 1 கிலோ என்பதால் மணிக்கு 7,000 கன மீட்டர். உயர் அழுத்த செப்பரேட்டரில் 60 டன் கேஸும் சேர்ந்து 375 கன மீட்டர்தான். எனவே நுரைப்பு இங்கேதான் அதிகம், மெல்ட் இண்டெக்ஸ் குறைந்த, அதாவது உருகினாலும் எளிதில் ஓடாத, கிரேடுகளில் இன்னும் மோசம்; குமிழி வெளியே வர நேரம் பிடிக்கும். எக்ஸ்ட்ரூடர் டிரிப் ஆனால் (தானாக நின்றுவிட்டால்) எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்பதை முன்பே கணக்கிட்டு வைக்க வேண்டும். மணிக்கு 30 டன் என்றால் நுரையில்லாத மெல்ட்டுக்கு நிமிடத்துக்கு சுமார் 0.67 கன மீட்டர். கேஸ் வாயில்வரை 4 கன மீட்டர் காலி இருந்தால் 6 நிமிடம். நுரையால் அடர்த்தி பாதியானால் 3 நிமிடம். அந்த 3 நிமிடத்தை வைத்தே டிரிப் லாஜிக்கை அமைக்க வேண்டும், 6-ஐ வைத்து அல்ல.

இனி வேக்ஸ். இதற்கு லெவலும் இன்லெட் குழாயும் பதிலல்ல. உயர் அழுத்த செப்பரேட்டரின் அழுத்தத்தைக் கூட்டினால் கேஸ் சுருங்கி வேகம் குறையும், துளிக்கு நல்லது. ஆனால் கரைதிறன் ஏறும், வேக்ஸ் கூடும். குறைத்தால் நேர் எதிர். போதாக்குறைக்கு அந்த அழுத்தம் ஹைப்பர் கம்ப்ரஸர் சக்‌ஷனோடு கட்டப்பட்டிருக்கிறது. நம் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. வினைல் அசிடேட் சேர்ந்த கிரேடு ஓடும்போது பாலிமர் கேஸில் இன்னும் எளிதாகக் கரையும். ஆகவே வேக்ஸை முழுக்கத் தடுக்கப் பார்ப்பதைவிட, அது கம்ப்ரஸருக்குப் போகுமுன் பிடித்து வடிப்பதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

அதற்கு ரீசைக்கிள் லைனின் அழுத்த இழப்பைத் தினமும் பார்க்க வேண்டும். வெறும் எண்ணாகப் பார்த்தால் ஏமாற்றும். ஃப்ளோவின் வர்க்கத்தால் வகுத்து டிரெண்ட் போட்டால்தான் லோடு மாற்றமும் படிவும் பிரிந்து தெரியும். ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு கூலராக முறை வைத்து, தண்ணீர்ப் பக்கத்தைச் சூடேற்றி வேக்ஸை உருக்கி, அடுத்த டிரம்மில் இறக்க வேண்டும். எல்லாக் கூலரையும் ஒரே நாளில் செய்தால் உருகியது மொத்தமும் கேஸோடு ஓடி கம்ப்ரஸர் வால்வில் உறையும்.

வடிக்கும்போது இரட்டை வால்வில் உள்வால்வை முதலில் திறந்து, வெளிவால்வால் கட்டுப்படுத்துங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் டிரம் காலி என்று பொருளல்ல. உறைந்த வேக்ஸ் அடைப்பின் பின்னால் முழு அழுத்தமும் நிற்கலாம். வால்வை மேலும் திறக்காமல், கம்பி விட்டுக் குத்தாமல், மூடிவிட்டு லைனைச் சூடாக வைக்கும் டிரேசிங் ஸ்டீம் வருகிறதா என்று லைனின் கடைசி ஸ்டீம் டிராப் வரை பார்த்து, சூடேறிய பிறகு மறுபடி கொஞ்சமாகத் திறக்க வேண்டும்.