டவுன்ரிகர் குண்டு: ஈயம் உருக்காமல் செய்து பார்த்தது

போன செப்டெம்பர் கடைசியில், தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிகர் கருவியின் பாரக் குண்டு ஒன்றை ஒன்ராறியோ ஏரிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கேபிள் நுனியில் நார் பிரிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. 10 இறாத்தல் ஈயம் அப்படியே அடிக்குப் போய்விட்டது. காசு போனது ஒரு பக்கம். ரொறன்ரோவில் நாங்கள் குடிப்பது இந்த ஏரித் தண்ணீரைத்தான், அதன் அடியில் இவ்வளவு ஈயத்தை விட்டுவிட்டு வந்தோமே என்பதுதான் குளிர்காலம் முழுக்க மனதில் கிடந்தது. இந்த வருடம் குண்டை நானே செய்வது, அதுவும் ஈயம் இல்லாமல் செய்வது என்று முடிவெடுத்தேன்.

டவுன்ரிகர் பாவிக்காதவர்களுக்கு ஒரு சொல். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகிவிடும். சினூக் சமன் மீன் 11, 12 பாகைக் குளிரைத் தேடிக் கீழே இறங்கிவிடும். சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் அந்தப் படை சில நாள் 40 அடியில் இருக்கும், சில நாள் 90 அடியில் இருக்கும். மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் எங்கள் வடகரையில் குளிர்நீர் மேலேயே வந்துவிடும். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டு, தூண்டிலைச் சரியாக அந்த ஆழத்தில் இழுத்துப் போகத்தான் இந்தக் குண்டு. படகின் ஓரத்தில் உள்ள உருளையிலிருந்து கம்பிக் கேபிளில் குண்டு இறங்கும். நைலோன் நூலைக் குண்டுக்கு அருகே ஒரு கிளிப்பில் மாட்டிவிடுவோம். மீன் இழுத்தவுடன் கிளிப் நூலை விட்டுவிடும், அப்புறம் மீனும் நாங்களும் மட்டும்தான்.

ஈயம் உருக்குவது எனக்குப் புதிதில்லை. வல்வெட்டித்துறையில் பெரியப்பா பழைய பற்றரி ஈயத்தை இரும்புச் சட்டியில் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பார். சட்டியில் வெள்ளிபோல் மினுங்கும் அதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். 327 பாகையில் உருகிவிடும், ஒரு விறகடுப்பே போதும். ஆனால் அந்தப் புகையும் தூசும் என்ன செய்யும் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்க வைக்கும். என் கராஜில் மகளின் சைக்கிள் நிற்கிறது. அங்கே நான் ஈயம் உருக்க மாட்டேன். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத் தூண்டில் குண்டுகளை வைத்திருப்பதே 1997 முதல் தடை. ஒரு டாலர் காசில் இருக்கிறதே லூன் பறவை, அது கூழாங்கல் என்று நினைத்து அவற்றை விழுங்கிச் செத்துப்போகிறது. 10 இறாத்தல் குண்டை எந்தப் பறவையும் விழுங்காது, சட்டம் அதைத் தொடவும் இல்லை. என்றாலும் என் மனம் ஈயத்தை விட்டு விலகிவிட்டது.

ஏப்ரலில் முதல் முயற்சி, கொங்கிறீற். ஒரு பிளாஸ்டிக் பந்தின் வாயை வெட்டிக் கலவையை நிரப்பி, நடுவில் தலையில் வளையமுள்ள ஒரு கண் போல்ற்றை நட்டு, ஒரு வாரம் ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன். உருண்டை அழகாக வந்தது. குறுக்களவு 15 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, நிறை 10 இறாத்தல். விமானப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டு ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கியபோதுதான் விஷயம் விளங்கியது. தராசு 5.8 காட்டியது. மிச்சமிருந்த ஈயக் குண்டையும் அப்படியே இறக்கினேன், 9.1. கொங்கிறீற்றின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 2.4 மடங்குதான், ஈயத்துடையதோ பதினொரு மடங்குக்கும் மேல். இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருளைத் தண்ணீரும் அந்த அளவுக்குத் தூக்கிவிடுகிறது. குண்டு செய்ய நினைப்பவர்கள் முதலில் இந்த வாளிச் சோதனையைச் செய்து பாருங்கள். கரையில் நிறுத்த நிறைக்கு ஏரியில் வேலை இல்லை.

அடுத்து, குழாய்க்குள் ஈயச் சன்னங்களை நிரப்பி இப்பொக்சி ஊற்றி மூடலாமா என்று யோசித்தேன். உருக்கத் தேவையில்லையே. கணக்குப் போட்டபோது, உருண்டைச் சன்னங்களுக்கு இடையில் நாற்பது வீதம் அளவில் வெற்றிடம் விழுகிறது. அதைப் பசை நிரப்பினால் மொத்த அடர்த்தி 7க்குச் சற்று மேலே வந்து நிற்கும். இரும்பே 7.85. பிறகு எதற்கு ஈயம்?

எங்கள் தெருவில் ஒரு அண்ணை உலோக வேலைக் கடை ஒன்றில் லேத் இயக்குகிறார். அவரிடம் கேட்டேன். “தம்பி, மூன்று அங்குல உருட்டுக் கம்பியில வெட்டி மிஞ்சுற துண்டெல்லாம் கழிவுத் தொட்டிக்குத்தான் போகும். நீளத்தைச் சொல்லு,” என்றார். மூன்று அங்குலக் குறுக்களவுள்ள உருக்குக் கம்பி அடிக்கு 24 இறாத்தல், அதாவது அங்குலத்துக்கு 2. இதைவிட வசதியான கணக்கு வேறென்ன வேண்டும்! இரண்டு முனையையும் அரைக்கோளமாகக் கடைந்தால் சுமார் 2 இறாத்தல் குறையும். ஆகவே 6 அங்குலத் துண்டு எடுத்தால் சரியாக 10 இறாத்தல். மே மாதம் இரண்டு துண்டு செய்து தந்தார். கழிவு இரும்பின் விலைக்கே தந்தார், கடைந்த கூலியை வாங்க மறுத்துவிட்டார்.

மிச்ச வேலை என்னுடையது. தொங்கவிட 3/8 அங்குலக் கண் போல்ற். 5/16 துளை ஒரு அங்குல ஆழத்துக்குப் போட்டு, எண்ணெய் விட்டு விட்டு மெதுவாக மரை வெட்டினேன். போல்ற்றின் கண் முழுதாக மூடியதாக இருக்கவேண்டும். கம்பியை வளைத்து மட்டும் செய்த கண் அடியில் கொழுவினால் விரிந்துவிடும். மரையில் பூட்டுப் பசை போட்டு இறுக்கி ஒரு நாள் விட்டேன்.

முதல் குண்டில் பிழை விட்டது வால்தகட்டில். துளையைச் சரி நடுவில் போட்ட பிறகு, மூன்றுக்கு நான்கு அங்குல இரும்புத் தகட்டைப் பின்னால் ஒட்டச் செய்தேன். தூக்கினால் மூக்கு மேலே நிமிர்ந்தது. அரை இறாத்தல்கூட இல்லாத தகடு அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு பாரத்தின் நடுவைக் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைய நகர்த்திவிட்டது. மூக்கு நிமிர்ந்த குண்டை இழுத்தால் தண்ணீர் அதை மேலேதான் தள்ளும். தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, பின்முனையில் வாளால் ஒரு பிளவு போட்டு அலுமினியத் தகட்டைச் செருகி இரண்டு சின்ன போல்ற்றால் பூட்டினேன். அலுமினியம் இரும்பில் மூன்றிலொரு பங்குப் பாரம்தான், மூக்கு ஏறக்குறைய மட்டத்துக்கு வந்தது. இரண்டாவது குண்டில் வாலை முதலில் பூட்டி, ஒரு பென்சிலின் மேல் வைத்து உருட்டிச் சமன் நிற்கும் இடத்தைக் குறித்த பிறகுதான் துளை போட்டேன். அது கயிற்றில் நேராக நின்றதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

அலுமினிய வாலால் இன்னொரு நன்மையும் உண்டு. கையாலேயே லேசாக வளைக்கலாம். இடப்பக்கக் குண்டின் வாலை இடப்பக்கமும் வலப்பக்கக் குண்டின் வாலை வலப்பக்கமும் வளைத்துவிட்டால் இரண்டும் படகை விட்டு விலகி ஓடும், கேபிள்கள் சிக்காது.

குறடுக் கைப்பிடிகளுக்குப் பூசும் திரவ ரப்பரில் மூன்று முறை தோய்த்துக் காயவிட்டேன். கறல் பிடிக்காது, படகின் விலாவில் இடித்தாலும் வெள்ளைப் பூச்சு பெயராது. நிறம் பளிச்சென்ற பச்சை. மேலே இழுக்கும்போது குண்டு எங்கே வருகிறது என்று தூரத்திலேயே தெரியவேண்டும், அதற்காகத்தான்.

ஜூலை நடுவில் மச்சானோடு போய் 130 அடித் தண்ணீரில் மூன்று குண்டையும் மாறிமாறி இறக்கினோம். வேகம் மணிக்கு இரண்டரை மைல். விட்ட கேபிளின் நீளத்தை எண்ணும் கருவி 80 அடி காட்டும்வரை விட்டு, சோனார் திரையில் குண்டின் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்த்தோம். கொங்கிறீற் 71 அடி. ஈயம் 77, 78. இரும்பும் 78. ஒன்பது அடி மேலே ஓடினால் தூண்டில் சூடான நீரில் ஓடிக்கொண்டிருக்கும், கீழே மீன் சும்மா நிற்கும்.

மெல்லிய உடல் என்பதால் என் இரும்பு ஈயத்தைத் தெளிவாக முந்தும் என்று நம்பியிருந்தேன். ஏன் முந்தவில்லை என்று வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். கேபிளின் தடிப்பு 0.8 மில்லிமீற்றர். 80 அடி என்றால் 24 மீற்றர். அது தண்ணீருக்குக் காட்டும் முகம் 190 சதுர சென்ரிமீற்றர், என் இரும்புக் குண்டின் முகமோ 46தான். தண்ணீர் பிடித்து இழுப்பது பெரும்பாலும் கம்பியை! ஆகவே குண்டின் வடிவத்தை இன்னும் செதுக்குவதில் பலன் கொஞ்சம்தான், பாரத்தைக் கூட்டினால்தான் கம்பி நிமிரும்.

ஆகஸ்டில் ஆறு தடவை போனோம். இரண்டு இரும்புக் குண்டும் சுழலாமல் நேராக ஓடின. கேபிள் நுனியை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்து, நார் பிரிந்தால் ஓரடி வெட்டிப் புதிதாக முடிக்கிறேன்.

அண்ணையிடம் இப்போது 7 அங்குலத் துண்டு இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன், 12 இறாத்தல் வரும். இந்த முறை கூலியையும் வாங்க வைக்கவேண்டும்.