இலவசப் பாடங்களில் எங்கள் வீட்டில் நிலைத்தவை

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று தெரிந்ததும், காரைக்குடிப் பக்கமிருந்தும் வெளியூரிலிருந்தும் கேட்கிறார்கள், எந்த ஆப், எந்த சேனல், லிஸ்ட் இருந்தா அனுப்புங்க என்று. லிஸ்ட் அனுப்புவது ரொம்பச் சுலபம். ஆனால் என்னிடம் இப்படி லிஸ்ட் வாங்கிப்போன ஒருவர் எல்லாவற்றையும் போனில் ஏற்றி வைத்துவிட்டு எதையும் திறக்காமலே இருக்கிறார் என்று கேள்விப்பட்ட பிறகு, இதை விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் நிலைமை இதுதான். மாமனாருக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் சென்னையிலிருந்து ஊருக்கு வந்துவிட்டோம். கோட்டையூர் பக்கம், பங்காளிகள் எல்லோருக்கும் பங்குள்ள பழைய வீடு. பெரியவளுக்குப் படிப்பின் நடுவில் பள்ளி மாறுவது ஒத்துவரவில்லை, சின்னவன் பள்ளி வாசலைப் பார்த்தாலே அழுதான். சரி, கொஞ்ச நாள் வீட்டில் பார்ப்போம் என்று ஆரம்பித்தது அப்படியே தொடர்கிறது. அப்போது எனக்குத் தைரியம் கொடுத்தது 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ள ஒரு விஷயம்: பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆக, நமக்கு ஒத்துவரவில்லை என்றால் எட்டாம் வகுப்பு வரைக்கும் திரும்பிப் போக வழி உண்டு. எதற்கும் டிசி வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் அலட்சியம் வேண்டாம்.

முதலில் நிலைத்தது நம் அரசுப் பாடநூல். ஆம், அதுதான். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, பள்ளியை விட்டுவிட்டு அதே புத்தகமா என்று. ஆனால் 2018 இலிருந்து வந்த புதிய புத்தகங்களைப் பிரித்துப் பாருங்கள், முக்கியமாக ஆறாம் வகுப்பு அறிவியலும் சமூக அறிவியலும். முழுப் புத்தகமும் பிடிஎஃப் ஆக, தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும், காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பக்கங்களில் க்யூஆர் குறியீடு இருக்கும், மத்திய அரசு 2017 இல் தொடங்கிய தீக்‌ஷா செயலியால் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். எல்லா வீடியோவும் நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலது பாடத்தை அப்படியே வாசிப்பதோடு சரி. ஆனாலும் எதற்குப் பிறகு எது என்ற வரிசை நம் கையில் இருக்கிறது. வரிசை இல்லாத வீட்டுக்கல்வியில் பிள்ளை தனக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும், நாமும் படிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

மற்றது எல்லாம் இந்தப் புத்தகம் எங்கே முட்டி நிற்கிறதோ அங்கே மட்டும்தான். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்ட பிறகுதான் வீட்டில் சண்டை குறைந்தது.

கணக்கில் பெரியவள் பின்னத்தில் நின்றுவிட்டாள். அதற்குக் கான் அகாடமி போனோம். சல்மான் கான் என்பவர் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் 2008 இல் நிறுவனமாக ஆனது அது, இன்றைக்கும் காசு கேட்பதில்லை, விளம்பரம் இல்லை. பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கணக்கோடு சேர்த்துத்தான் திறக்க வேண்டும், அதுவும் நல்லதுதான், எதில் தடுமாறுகிறாள் என்று நமக்குத் தெரிகிறது. நான் எடுத்துக்கொண்டது ஆங்கிலப் பாடங்கள், மகளுக்கு அந்த ஆங்கிலம் வேகமாக இருந்தது. அதனால் வீடியோவை நான் முந்தின ராத்திரி பார்த்துவிட்டு, மறுநாள் நானே தமிழில் சொல்லிவிட்டு, பயிற்சிக் கணக்குகளை மட்டும் அவளைப் போடவிட்டேன். வீடியோவை விட அந்தப் பயிற்சிகள்தான் மதிப்பானவை. தப்பாகப் போட்டால் குறிப்பு தரும், சரியாக வரும் வரை அதே மாதிரிக் கணக்காகக் கொடுத்துக்கொண்டே இருக்கும், சலித்துக்கொள்ளாது. நான் சலித்துக்கொள்வேன்.

வட்டிக்கு வரும்போது மட்டும் கான் அகாடமியை மூடிவிட்டோம். எங்கள் அப்பத்தா இருக்கும் வீட்டில் வட்டிக்கு எதற்கு வீடியோ? 'நூத்துக்கு ரெண்டு வட்டின்னா ஐயாயிரத்துக்கு மாசம் எம்புட்டு?' என்று ஆரம்பித்தார்கள். மாதம் நூறு, வருஷம் ஆயிரத்து இருநூறு, அப்படியானால் புத்தகத்து மொழியில் வருஷத்துக்கு 24 சதவீதம். ரெண்டு என்று கேட்கும்போது சின்னதாகத் தெரிந்தது இருபத்து நாலு ஆனதும் பிள்ளை வாயைப் பிளந்துவிட்டாள். அப்புறம் கொப்பாத்தாவுக்கு ஐந்தொகை (வரவு செலவு, இருப்புக் கணக்கு) எழுதிய கதை, பர்மாவில் கடை வைத்திருந்த ஐயாவின் கதை என்று அன்றைக்கு மதியம் முழுக்க ஓடியது. கணக்கு நோட்டில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை, பரவாயில்லை.

பரப்பளவுக்கு ஆத்தங்குடிக் கல், தரையில் பதிக்கிற பூ டிசைன் கல். பத்து அங்குலச் சதுரக் கல், பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி அறை, எத்தனை கல் வேண்டும்? வகுத்தால் 172.8, அதாவது 173 கல். மேஸ்திரியைக் கேட்டால் 180 என்கிறார். ஏன்? நீளவாக்கில் பதினாலரைக் கல்லுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது, வெட்டி வைத்தாலும் பதினைந்து கல் எடுத்தாக வேண்டும், வெட்டிய துண்டு பூ டிசைனில் வேறு இடத்துக்குப் பொருந்தாது, பன்னிரண்டு வரிசைக்கு 180. இதைப் புத்தகமும் சொல்லவில்லை, எந்தத் தளமும் சொல்லவில்லை. ஜியோஜீப்ராவில் அந்தக் கல்லின் டிசைனை வரைந்து, திருப்பித் திருப்பி அடுக்கிப் பார்த்தாள். அந்த மென்பொருளும் இலவசம்தான், சமச்சீர், சுழற்சி எல்லாம் அதில் விளையாட்டு மாதிரி வந்துவிடும்.

இண்டர்நெட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே அதுதான் பெரிய தலைவலி. இந்தப் பழைய செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுவர் ரொம்பத் தடிமன். முகப்பில் சிக்னல் நன்றாக இருக்கும், வளவுக்குள், அதாவது நடு முற்றத்துப் பக்கம், வந்தால் ஒரு கோடு, அதற்கும் உள்ளே இரண்டாங்கட்டில் ஒன்றுமே இருக்காது. முகப்பில் உட்கார்ந்து படித்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் 'என்ன ஆத்தா, பள்ளிக்கூடம் லீவா?' என்று கேட்பார்கள், அதற்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டும். அதனால் முடிந்தவரை இறக்கி வைத்துப் படிக்கிறோம். நாத்தனார் மகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் சும்மா கிடந்தது, அதை வாங்கிக்கொண்டோம். அதில் போட்டு வைத்தவற்றைச் சொல்கிறேன்.

கிவிக்ஸ். விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி, நெட் இல்லாமல் வாசிக்க உதவும் மென்பொருள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன, அவ்வளவும் ஒரே கோப்பாகக் கிடைக்கும். காரைக்குடியில் நல்ல நெட் உள்ள தெரிந்தவர் வீட்டில் உட்கார்ந்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். கட்டுரைகளின் தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், ஆனால் பிள்ளைக்குக் கேள்வி வந்த நிமிடத்தில் தேட ஒரு இடம் இருப்பது பெரிய விஷயம். விளம்பரம் இல்லை, பக்கத்தில் வேறு வீடியோ கூப்பிடாது.

ஃபெட். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல், நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் தொடங்கியது. மின்சுற்று, அடர்த்தி, பின்னம் என்று அறிவியல் கணக்குச் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம், சிலது தமிழிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கி வைக்க முடிகிறது. ஆனால் திரையில் பல்பு எரிவதைப் பார்த்துச் சின்னவனுக்கு நம்பிக்கை வரவில்லை, 'இது படம்தானே' என்றான். அவனுக்காக அரவிந்த் குப்தாவின் தளத்துக்குப் போனோம். குப்பையில் போகும் பொருட்களை வைத்து விளையாட்டுச் சாமான் செய்யச் சொல்லிக்கொடுப்பவர், 2018 இல் பத்மஸ்ரீ வாங்கினார். தமிழில் பேசும் குட்டிக் குட்டி வீடியோக்களும், இறக்கிக்கொள்ள ஏகப்பட்ட புத்தகங்களும் உண்டு. பேட்டரி, செம்புக் கம்பி, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், இவ்வளவை வைத்து மோட்டார் சுற்ற வைத்தார்கள். கம்பியின் மேல்பூச்சை முழுக்கச் சுரண்டக் கூடாது, ஒரு முனையில் பாதிப் பக்கம் மட்டும்தான் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் சுருள் ஆடிவிட்டு நின்றுவிடும். அந்தப் பாதி ஏன் என்பதைப் பெரியவள் தம்பிக்கு விளக்கிய அன்றைக்குத்தான் அவளுக்கே காந்தப் பாடம் புரிந்தது என்று நினைக்கிறேன்.

சின்னவனுக்கு ஜீகாம்ப்ரி, அதுவும் நெட் இல்லாமல் ஓடும், மவுஸ் பிடிப்பதிலிருந்து கூட்டல் வரை நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள், தமிழிலும் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் வாசிப்புக்கு ஸ்டோரிவீவர் போல இன்னொன்று நான் பார்க்கவில்லை. பிரதம் புக்ஸ் 2015 இல் ஆரம்பித்தது. கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கும், முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரிதான். இறக்கலாம், அச்சிடலாம், யாருக்கும் கொடுக்கலாம், உரிமையே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். சிலவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பு வறட்டு வறட்டு என்று இருக்கும், அந்த மாதிரிக் கதையை அப்பத்தா தன் பேச்சில் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். பிடித்த கதைகளை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துத் தைத்து வைத்திருக்கிறோம். பாட்டு, ஆத்திசூடி, எழுத்து என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக்கல்விப் பகுதி. அவர்களுடைய மின்னூலகம் பெரியவர்களுக்கும் ஆகும், நான் என் பங்குக்கு அதில் தொலைந்துபோவேன். இந்தப் பழம்புத்தகப் பித்து எங்கள் ஊர்க்காற்றிலேயே இருக்கிறதோ என்னவோ. விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, இதே கோட்டையூரில் வீடு முழுக்கப் புத்தகமாகச் சேர்த்தார். அவர் 1992 இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக ஆக்கியது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.

நிலைக்காதவையும் உண்டு. கல்வித் தொலைக்காட்சி 2019 இல் தொடங்கியது, யூடியூபில் பழைய பாடங்கள் எல்லாம் கிடைக்கும், பல வீடுகளுக்கு நன்றாகவே உதவுகிறது, என் மகள் மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்கிறாள். இலவசம் என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு ஆப், போன் நம்பரைக் கொடுத்த மறுநாளிலிருந்து தினம் கூப்பிட்டு, 'மேடம், பிள்ளையோட எதிர்காலம்' என்று பயமுறுத்த ஆரம்பித்தது. நம்பர் கேட்டால் யோசியுங்கள், கார்டு விவரம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், மூடிவிடுங்கள். மேலே நான் சொன்ன எதுவும் கார்டு கேட்காது.

பெரியவளுக்குப் பதினாலு முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்தோம். 1989 இல் வந்தது, மத்திய அரசின் அமைப்பு. முந்தைய வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று சுய உறுதிமொழி கொடுத்துச் சேரலாம், இது தெரியாமல் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஐந்து பாடம் தேறினால் போதும், பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம், தமிழ் வழியும் உண்டு. பதிவு ஐந்து வருஷம் செல்லும், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. தேர்வு ஏப்ரல் மே வாக்கில் ஒன்று, அக்டோபர் நவம்பர் வாக்கில் ஒன்று. பாடநூல்கள் அவர்கள் தளத்திலேயே இலவசம், பணம் கட்டும் முன்பே இறக்கி வாசித்துப் பாருங்கள், அதை வைத்துத்தான் நாங்கள் பாடங்களை முடிவு செய்தோம். ஒப்படைப்பு என்று ஒன்று இருக்கிறது, வீட்டில் எழுதிக் கொடுப்பது, அதற்கு 20 சதவீத மதிப்பெண், அதை விட்டுவிடாதீர்கள். நாங்கள் தேர்ந்தெடுத்த படிப்பு மையத்தில் போனை எடுக்கவே மாட்டார்கள், நேரில் போனால்தான் வேலை நடந்தது. படிவத்தில் போடும் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் இருக்கட்டும்.

பதிவு முடிந்த பிறகுதான் ஒன்று உறைத்தது, இவள் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதியதே இல்லை. தெரிந்ததை எழுதிக்காட்டுவது தனி வேலை, அதற்கு ஆப் கிடையாது. இப்போது வாரம் ஒரு பழைய வினாத்தாள், கடிகாரம் வைத்து எழுதுகிறாள். வினாத்தாளும் நெட்டிலேயே கிடைக்கிறது. திருத்தத்தான் ஆள் வேண்டும். அறிவியலுக்கு எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் தாராளமாகவே ஓட்டுகிறார். கணக்குக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.