ஸ்டென்ட் சோதனையும் சித்திரை வெயிலும்

பழைய சைக்கிள் டியூப்பில் ஓரிடம் நைந்து புடைக்குமே, அதுதான் அனியூரிசம். மூளை ரத்தக்குழாயில் அது வந்தால் ஃப்ளோ டைவர்ட்டர் ஸ்டென்ட், அதாவது புடைப்புக்குள் ரத்தம் பாயாமல் திருப்பிவிடும் வலைக்குழாய், வைப்பதுண்டு. 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பைப்லைன், 48 மெல்லிய கம்பிகளால் பின்னியது. குழாய்ச் சுவரில் சுமார் 30 முதல் 35 சதவீதம் மறைத்தாலே புடைப்புக்குள் ஓட்டம் தளர்ந்து ரத்தம் உறையத் தொடங்கும். இதை ஆய்வக மேசையில் மாதிரிக் குழாயில் வைத்துச் சோதிக்கும்போது கணக்கு உதைத்தால் எல்லாரும் ஸ்டென்ட்டைத்தான் சந்தேகப்படுகிறார்கள். மதுரையில் முதலில் திரவத்தைப் பாருங்கள்.

ரத்தத்துக்குப் பதிலாக கிளிசரின் கலந்த தண்ணீர். எடையில் 40 சதவீதம் கிளிசரின் என்றால் 20 டிகிரியில் பாகுத்தன்மை 3.7 மில்லிபாஸ்கல்-நொடி, ரத்தத்துக்குப் பக்கம். 30 டிகிரியில் அதே கலவை 2.7. நம்மூர் சித்திரையில் 30 எல்லாம் குளிர்ச்சி! 4 மி.மீ. குழாயில் நிமிடத்துக்கு 250 மி.லி. ஓட்டினால் 400க்குள் இருந்த ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் தன்மையைச் சொல்லும் எண்) 540 பக்கம் போய்விடும். கலவையைக் குளிர்விக்க மல்லுக்கட்டுவதைவிட 37 டிகிரிக்குச் சூடாக்கி நிறுத்துவது சுலபம். அப்போது கிளிசரின் எடையில் சரிபாதி, 3.4 கிடைக்கும். நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை) ஸ்டென்ட்டுக்கு எப்படியும் 37 வேண்டும், குளிர்ந்தால் அதன் விரிவிசை குறையும்.

தொட்டியை மூடி வையுங்கள். தண்ணீர் ஆவியாகி கலவை கெட்டியாகும். தினமும் காலையில் ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளிவிலகலை அளக்கும் கருவி) ஒரு சொட்டு பார்த்தால் தெரிந்துவிடும். போர் தண்ணீர் கூடவே கூடாது, வாலைவடிநீர்தான். புடைப்பின் உச்சியில் காற்றுக்குமிழி ஒன்று மாட்டினாலும் அன்றைய அளவீடு வீண்.

லேசரில் துகள் ஓட்டத்தைப் படம் பிடிப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. மாதிரிக் குழாயின் சிலிக்கோனுக்கு ஒளிவிலகல் எண் 1.41. படம் கோணாமல் இருக்க, திரவமும் அதற்கு ஈடுகொடுக்க கிளிசரின் 60 சதவீதம் ஆக வேண்டும், பாகுத்தன்மையும் கூடும். ரெனால்ட்ஸ் எண் மாறாமல் இருக்க ஓட்டத்தையும் துடிப்பு வேகத்தையும் அதே விகிதத்தில் ஏற்றுங்கள்.

பின்னல் ஸ்டென்ட் பாவாடை நாடா மாதிரி: இழுத்தால் ஒல்லியாகும், இருபுறமும் தள்ளினால் உப்பும். குழாயைவிடப் பெரிய ஸ்டென்ட்டைத் திணித்தால் அது நீண்டு, பின்னலின் கண்கள் (கம்பிகளுக்கு இடையிலான ஓட்டைகள்) நெடுக்காகி, மறைப்பு குறையும். வளைவில் வெளிப்பக்கக் கண்கள் அகலும். புடைப்பின் வாய் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

ஆயுள் சோதனை: நிமிடத்துக்கு 72 துடிப்பு, 10 வருடம், ஏறத்தாழ 38 கோடி. நொடிக்கு 50 வீதம் அடித்தால் 88 நாள். அந்த வேகத்தில் சிலிக்கோன் குழாய் முழுசாக விரியாமல் ஏமாற்றும், லேசர் மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளக்க வேண்டும். நடுவில் கரன்ட் போனால் நின்ற எண்ணிலிருந்து தொடரலாம், விரிவை மறுபடி அளந்த பிறகு.