பொம்மைக்கு முதலில் ஒட்டு போட்டோம்

என் மகளின் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று முதலில் சொன்னது பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழு. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தில் வருகிற குழு அது. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை வந்து பிள்ளைகளைப் பரிசோதிப்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பல், கண், எடை எல்லாம் பார்த்து வந்தவர்கள், இவள் நெஞ்சில் மட்டும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் டீச்சர் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார்.

இதயத்தை ஸ்கேன் மாதிரி படமெடுத்துப் பார்க்கிற எக்கோ எடுத்தோம். இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டை. ஏ.எஸ்.டி. என்று சீட்டில் எழுதுவார்கள். நிறையப் பிள்ளைகளுக்குத் தொடை ரத்தக்குழாய் வழியாகக் குடை மாதிரி ஒரு கருவியைக் கொண்டுபோய் வைத்தே அடைத்துவிடுகிறார்கள். இவளுக்கு ஓட்டையைச் சுற்றி விளிம்பு போதவில்லை, கருவி பிடித்து நிற்காது, நெஞ்சைத் திறந்துதான் தைக்க வேண்டும் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று அலைந்து சென்னையில் தேதி வாங்குவதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. அந்த அலைச்சலைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது, ஐந்தரை வயதுப் பிள்ளை அந்த நாட்களை எப்படித் தாண்டினாள் என்பதை. அவளைத் தாண்ட வைத்தது விளையாட்டு. முதலில் அது எனக்குத் தெரியவில்லை.

செஞ்சிப் பக்கம் எங்கள் ஊர். சென்னைக்குப் போவதற்கு முன்னால் பக்கத்து டவுனில் ஓரிடத்தில் ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். "ஊசி எல்லாம் போட மாட்டாங்க தங்கம், சும்மா பாத்துட்டு அனுப்பிடுவாங்க" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். உள்ளே இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள். நரம்பு கிடைக்கவில்லை, மூன்று தடவை குத்தினார்கள். அவள் ஊசி போட்டவரைப் பார்க்கவே இல்லை. முழு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஓட ஆரம்பித்தாள். நான் சொல்வதை நம்புவதும் நின்றுபோனது. "கடைக்குப் போறோம்" என்றால்கூட, "நெஜமா?" என்று கேட்டாள்.

சென்னையில் புறநோயாளிப் பிரிவில் ஒரு வயதான சிஸ்டர் இருந்தார். என் மகள் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஊசி முனை இல்லாத இரண்டு சிரிஞ்சு, கொஞ்சம் பஞ்சு, பிளாஸ்திரி, மயக்கம் கொடுக்கும்போது வைக்கிற மாதிரி ஒரு மாஸ்க், எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். "தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்குல்லம்மா, வீட்ல இத வச்சு வெளையாடுங்க. நீங்க டாக்டரா இருக்காதீங்க, அவ டாக்டர். நீங்க சும்மா பக்கத்துல உக்காருங்க" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனியாக ஆள் கிடையாது. அவராகச் செய்ததுதான்.

நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். ரவிக்கைத் துணி மிச்சத்தில் ஒரு பொம்மை தைத்தேன். உள்ளே பஞ்சு, கூந்தலுக்குக் கறுப்பு உல்லன். நெஞ்சுப் பக்கம் மட்டும் தைக்காமல் கொக்கி வைத்தேன், திறந்து மூட. உள்ளே வைக்கச் சிவப்புத் துணியில் சின்ன இதயம். அதில் பட்டாணி அளவு ஓட்டை.

முதல் நாள் அவள் அதைத் தொடவில்லை. இரண்டாம் நாள் நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது, சொப்புச் சாமானைக் கொண்டுவந்து பொம்மை பக்கத்தில் பரப்பினாள். ஊசி போடப் போகிறாள் என்று நினைத்தேன். சோறு ஆக்கினாள். நாலு அரிசியை எடுத்துப் பொம்மை வாயில் வைத்துவிட்டு, பொம்மையைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

"என்னடா பாக்குற?"

"சோறு விழுதான்னு பாக்குறேன். ஓட்ட இருக்குல்ல."

எனக்கு ஊசி கையிலேயே நின்றுவிட்டது. மூன்று மாதமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நோயினால்தான் என்று நாங்கள் இருந்தோம். வீட்டில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் "ஓட்டை, ஓட்டை" என்று பேசியதைக் கேட்டு, தின்றது எல்லாம் அதன் வழியாக எங்கோ கொட்டிவிடும் என்று நினைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் ஓட்டை என்றால் பக்கெட்டில் இருக்கும், கூரையில் இருக்கும். அவளுக்கு வேறு எப்படித் தெரியும்? "வயிறு வலிக்குதா, ஏன் சாப்பிடல" என்று எத்தனையோ தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பொம்மைக்குச் சோறு ஊட்டும்போது தானாக வந்தது.

அன்றைக்கே கொக்கியை அவிழ்த்து இதயத்தை எடுத்துக் காட்டினேன். சோறு போகிற வழி வேறு, ரத்தம் போகிற வழி வேறு என்றேன். டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார், இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்தே ஒரு துண்டு எடுத்து ஒட்டு போடுவோம் என்று. நான் கிழிசலுக்கு ஒட்டு போடுவதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறாள். அதனால் இது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. துணியை வட்டமாக அவளே வெட்டினாள், நான் தைத்தேன். தைப்பதற்கு முன்னால் மாஸ்க்கை எடுத்துப் பொம்மை மூக்கில் வைத்து, "தூங்கு, வலிக்காது. எழுந்ததும் கொஞ்சம் வலிக்கும்" என்றாள். கடைசி வரியை நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். இனி பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

ஆபரேஷன் அன்று காலை குடிக்க ஒரு சிரப் கொடுத்தார்கள், பயம் தெரியாமல் லேசாகக் கிறங்க வைக்கிற மருந்து. தியேட்டர் கதவு வரைக்கும்தான் பொம்மைக்கும் எனக்கும் அனுமதி. கதவருகே பொம்மையை என்னிடம் கொடுத்து, "ஆயாகிட்ட குடுக்காத, நீயே வச்சிக்கோ" என்றாள். அழவில்லை. நான் அழுதேன், கதவு மூடிய பிறகு.

ஐ.சி.யு.வில் இரண்டு நாள். மூச்சுக் குழாயை அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். பொம்மையை உள்ளே விடவில்லை, கிருமி பயம், அது சரிதான். மூன்றாம் நாள் வார்டுக்கு வந்தவள் என்னோடு பேசவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். துவைத்துக் காயவைத்துப் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த பொம்மையைப் பக்கத்தில் வைத்தேன். அரை மணி நேரம் கழித்து, "ஊசி குடு" என்றாள்.

சிரிஞ்சைக் கொடுத்தேன். பொம்மையின் கையில் குத்தினாள். பிறகு மற்ற கையில், கழுத்தில், காலில். எண்ணினேன், பதினொரு தடவை. குத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "அசையாத. அசையாதன்னேன்ல" என்றாள். பார்க்க வந்திருந்த என் நாத்தனார், "அய்யோ அண்ணி, அத வாங்குங்க, பிள்ள அதையே நெனச்சிக்கிட்டு இருக்கு" என்றார். எனக்கும் கை பரபரத்தது. வார்டு சிஸ்டர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். பதினொன்றாவது ஊசிக்குப் பிறகு பஞ்சை எடுத்துத் துடைத்தாள், பிளாஸ்திரி ஒட்டினாள், பொம்மையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, "தண்ணி" என்றாள்.

மறுநாள் ஏழோ எட்டோ ஊசி. அதற்கடுத்த நாள் மூன்று. மருந்துச் சீட்டில் டோஸ் குறைவது மாதிரி அது குறைந்துவந்தது.

நெஞ்சைத் திறந்து தைத்தால் பிள்ளைகள் வலிக்குப் பயந்து மேலோட்டமாகத்தான் மூச்சு விடுவார்கள். அப்படியே விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி கட்டிக்கொள்ளும். மூன்று பந்து உள்ள ஒரு கருவியைக் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். ஒரு பந்தும் எழும்பவில்லை, அவள் வாயிலேயே வைக்கவில்லை. அவள் அப்பா வெளியே போய்ச் சோப்புக் குமிழி ஊதுகிற டப்பா வாங்கிவந்தார். ஊரில் காட்டாமணக்குப் பாலை வைத்து ஊதிப் பழகியவள். வேகமாக ஊதினால் குமிழி உடையும், மெதுவாக நீளமாக ஊதினால்தான் பெரிதாகும். அதற்கு முன்னால் மூச்சை ஆழமாக இழுத்தாக வேண்டும். பிசியோதெரபி தம்பி பார்த்துவிட்டு, எனக்கு வேண்டியதும் இதேதான், மணிக்கு ஒரு தடவை பத்து ஊதல் என்றார். இருமல் வரும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் தையலில் வலி குறையும். எங்களுக்குத் தலையணை வேலையைப் பொம்மை செய்தது.

நடக்கவும் மாட்டேன் என்றாள். பக்கத்துக் கட்டிலில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், ட்ரிப் ஸ்டாண்டையே பஸ்ஸாக்கி விசிலடித்துக்கொண்டு வராந்தாவில் திரிவான். பழைய சீட்டுகளைக் கிழித்து டிக்கெட். "செஞ்சி, தீவனூர், திண்டிவனம் ஏறு" என்று இவளுக்காக எங்கள் ரூட்டையே கேட்டுத் தெரிந்துகொண்டான். கழிப்பறை திண்டிவனம். நாலாம் நாள் சாயங்காலம் திண்டிவனத்துக்கு மூன்று தடவை போய்வந்தாள்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். பிள்ளை விளையாடுகிறது, அப்படியானால் வலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி நினைத்து வலி மருந்து வேண்டாம் என்று ஒருமுறை சொல்லப் போனேன். வலியோடும் பிள்ளைகள் விளையாடுவார்கள், நேரத்துக்கு மருந்து கொடுத்தால்தான் இன்னும் நன்றாக விளையாடுவார்கள் என்று டாக்டர் திருத்தினார். மாறாக, விளையாட்டு திடீரென்று நின்றால் உடனே சொல்லுங்கள். ஐந்தாம் நாள் குமிழி டப்பாவைத் தள்ளிவிட்டு, பஸ்ஸும் வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள். அலுப்பு என்று நினைத்தேன். சிஸ்டர் தெர்மாமீட்டர் வைத்தார், 101. அன்று ராத்திரியே ரத்தம் எடுத்து மருந்தை மாற்றினார்கள்.

ஊருக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் விளையாடுவதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1955-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் எம்மா பிளாங்க் என்ற ஆசிரியை, வியன்னாவில் பிறந்தவர், நோயாளிப் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் படிப்புக்கும் என்றே தனிப் பிரிவு தொடங்கியிருக்கிறார். 1959-இல் பிரிட்டனில், ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு கொடுத்த அறிக்கை, பெற்றோரைத் தாராளமாகப் பார்க்க விடுங்கள், பிள்ளைகள் விளையாட வழி செய்யுங்கள் என்றது. அதற்கு முன்னால் அங்கே பல ஆஸ்பத்திரிகளில் வாரத்துக்கு ஓரிரு மணி நேரம்தான் பிள்ளையைப் பார்க்க விடுவார்களாம். இன்று அந்த நாடுகளில் இதற்கென்று படித்த ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள். குழந்தைகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாட்டை உரிமை என்கிறது. இந்தியா அதை 1992-இல் ஏற்றது. நம் பிள்ளைகள் வார்டிலும் ஒரு பாய், ஒரு அலமாரி, மாதச் சம்பளத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த வார்டு சிஸ்டர் இருபது கட்டிலைப் பார்த்துக்கொண்டு நடுவில் இதையும் செய்கிறார். அதை நம்பியே விட்டுவிடக் கூடாது.

பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பையில் துவைக்கக்கூடிய ஒரு பொம்மை, குமிழி டப்பா, கிரேயான், துடைத்து எடுக்கக்கூடிய நாலு சொப்பு வைத்துக்கொள்ளுங்கள். போன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ட்ரிப் ஏற்றும்போது எங்களுக்கும் கைகொடுத்தது. ஆனால் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்பது போனில் தெரியவில்லை, சொப்பில்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஆறு வாரம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, சைக்கிள் கூடாது. திண்ணையில் ஆயாவோடு பல்லாங்குழி ஆடினாள், புளியங்கொட்டை வைத்து. இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம், நான் தட்டில் போட்டுக் கொடுத்த ரசம் சாதத்தில் ஒரு பருக்கையை எடுத்துப் பொம்மை வாயில் வைத்தாள். தூக்கி அடியில் பார்த்தாள்.

"விழல" என்றாள். பொம்மையைக் கீழே வைத்துவிட்டு மீதியை அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.